தவறை யாரிடம் ஒப்புக்கொள்வது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் ஒரு சிறிய இடதுசாரி அமைப்பின் கிளைக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவள் நான். அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் தோட்டத்தின் பெயரையும், அதை விற்ற கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் இதே ஊர்ச் சந்தைக்கு வந்து போகின்றன. அவர்கள் பட்ட பாட்டைப் பெயர் போட்டுப் பரப்ப எனக்கு உரிமை இல்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

சிறிய முற்போக்குக் கட்சிகளால் விமர்சனத்தைத் தாங்க முடியுமா, செய்த தவறை ஒப்புக்கொள்ள முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தல் தோல்விக்குப் பிறகும் கிளம்புகிறது. ஒரு வாரம் ஓடுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. தேர்தல் இல்லாத ஆண்டுகளில் அதை யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து, பெரிய தவறுகள் அந்த ஆண்டுகளில்தான் நடக்கின்றன.

2025 ஏப்ரலில் பேராக்கின் ஆயர் கூனிங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. மலேசிய சோசலிசக் கட்சியின் வேட்பாளர் பவானிக்கு 1,106 வாக்குகள் கிடைத்தன. வைப்புத்தொகை போய்விட்டது. அன்று இரவு எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இரண்டு கட்சி கட்டிக்கொண்டு பேசினார்கள். 2022ஐ விட வாக்கு கூடியிருக்கிறது, இது வளர்ச்சி என்றார்கள் சிலர். எத்தனை முறைதான் நின்று காசைத் தொலைப்பார்கள் என்றார்கள் வேறு சிலர். வாக்கு கூடியதும் உண்மை, பணம் போனதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய வேண்டும். சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட் கட்ட வேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது. பெரிய கட்சிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு ஒவ்வொரு ஆயிரமும் விருந்து டிக்கெட் விற்ற பணம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உறையில் வைத்துக் கொடுத்த ஐம்பது வெள்ளி, தொழிற்சாலையில் மிகைநேரம் பார்த்த பெண் மாதாமாதம் தந்த பத்து வெள்ளி. கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டால் அதை எதிரியின் குரலாகக் கேட்பது அநியாயம்.

ஆனால் தோல்வியும் தவறும் ஒன்றல்ல என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன். மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் 2008இல் சுங்கை சிப்புட்டில், அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் இருந்த சாமிவேலுவை 1,821 வாக்குகளில் தோற்கடித்தார். 1974 முதல் சாமிவேலுவின் கையில் இருந்த தொகுதி அது. 2013இலும் ஜெயகுமார் வென்றார். அந்த இரண்டு முறையும் அவர் நின்றது பி.கே.ஆர். என்ற மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில். 2018இல் தன் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றார். பத்தாண்டு அந்த மக்களோடு இருந்தவருக்கு வைப்புத்தொகைகூடத் திரும்பவில்லை. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஆட்சியை மாற்றிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் இருந்தது. வாக்குச் சிதறினால் என்ன ஆகுமோ என்று, அவரை மதித்தவர்களே வேறு சின்னத்தில் முத்திரை போட்டார்கள். சொந்தச் சின்னத்தில் நின்றது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கட்சி தன் முகத்தோடு மக்கள் முன்னால் நிற்க விரும்பியது, மக்கள் வேறு முடிவு எடுத்தார்கள், அவ்வளவுதான்.

தோற்றதற்காக மன்னிப்புக் கேள் என்று ஒரு கட்சியை நெருக்கினால், அது எல்லாவற்றையும் நியாயப்படுத்தக் கற்றுக்கொள்ளும். தோல்வி வேறு, தவறு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் விமர்சகர்களிடமும் இல்லை, கட்சிகளிடமும் இல்லை. அதனால் உண்மையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு வரும்போது இரண்டு தரப்புக்கும் அதைப் பேசத் தெரியவில்லை.

இனி அந்தத் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் முதலில் செம்பனையாயின, பிறகு தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளாகவும் கிடங்குகளாகவும் ஆயின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு, பால் எடுப்பதைவிட வீடு கட்டி விற்பதில் லாபம் அதிகம் என்பது கம்பெனிகளுக்குத் தெளிவாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே மாரியம்மனுக்குத் தீ மிதித்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது முதலாளி தங்கக் கொடுத்த இடம்தான். ஆட்குறைப்பு இழப்பீடு 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி கணக்கிடப்படுகிறது. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம் வரும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையில் என்ன வாங்க முடியும் என்பதும் தெரியும். தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்ற குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். நான் சொல்லும் சம்பவம் அதற்கு முந்தியது.

தோட்டம் விற்கப்பட்டபோது, மலிவு விலையில் அடுக்குமாடி வீடும், சட்டப்படியான இழப்பீட்டுக்கு மேல் கொஞ்சம் பணமும் தருவதாகக் கம்பெனி சொன்னது. இன்ன தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கெடுவும் வைத்தது. எங்கள் அமைப்பு அந்தக் குடும்பங்களிடம் போய், கையெழுத்துப் போடாதீர்கள், இதே மண்ணில் தரை வீடு கேட்போம், வழக்குப் போடுவோம் என்றது. கோரிக்கை நியாயமானது. இன்று கேட்டாலும் நியாயம் என்றே சொல்வேன். சில குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி வீட்டுக்குப் போயின. எங்கள் அமைப்பை நம்பியவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். பிறகு தண்ணீர் நின்றது. மின்சாரம் போனது. பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் இழுத்துத் தோற்றது. அதற்குள் கம்பெனி முதலில் சொன்ன வீடு காலாவதியாகியிருந்தது. கடைசியில் கிடைத்தது பணம் மட்டும், அதுவும் முதலில் பேசியதைவிடக் குறைவாக.

இதுவரை சொன்னதில் தவறு என்று எதையும் நான் குறிப்பிட மாட்டேன். போராடினார்கள், தோற்றார்கள். தவறு வேறு இடத்தில் இருந்தது. அது ஒரு நோட்டில் இருந்தது.

நான் குறிப்பு எழுதும் பொறுப்பை ஏற்றது இதெல்லாம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. பழைய குறிப்பேடுகள் செயலாளர் அண்ணன் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. எடுத்து வந்து வெயிலில் காய வைத்து, பக்கம் பக்கமாகப் படித்தேன். வழக்குப் போடுவதற்கு முந்திய கூட்டத்தின் பக்கத்தில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: வக்கீலின் கருத்துப்படி வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு. லயத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கு நிலத்தின் மீது உரிமை நிற்காது. வழக்கு நேரம் வாங்கித் தரும், வீடு வாங்கித் தராது. அதற்குக் கீழே இன்னொரு வரி: இதை இப்போது தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டாம், மனம் தளர்ந்துவிடுவார்கள்.

அந்த வரிக்குச் சம்மதித்தவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு எல்லாரையும் தெரியும். வழக்கு நடக்கும் காலத்தில் மாநில அரசாங்கத்தை நெருக்கிவிடலாம், பத்திரிகையில் எழுத வைக்கலாம், கம்பெனி இறங்கி வரும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மோசமான கணக்கும் அல்ல. வேறு தோட்டங்களில் அப்படிப் பலித்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பணயமாக வைக்கப்பட்டது யாருடைய வீடோ, அவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. வழக்கு ஜெயித்தால் வீடு என்று நினைத்துக்கொண்டே அவர்கள் இருட்டில் இருந்தார்கள். தெரிந்திருந்தால் சிலர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சிலர் தெரிந்தே எங்களோடு நின்றிருப்பார்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது கம்பெனி அல்ல, நாங்கள்.

2023இன் தொடக்கத்தில், ஒரு கிளைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தேன். இதை அந்தக் குடும்பங்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். எதிர்ப்பு வந்தது. வந்த பதில்களை நான் சிறுமைப்படுத்த விரும்பவில்லை, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

இப்போது எதற்கு, மாநிலத் தேர்தல் வருகிறது என்றார் ஒருவர். கெடா உட்பட ஆறு மாநிலங்களுக்கு அந்த ஆகஸ்டில் தேர்தல். ஆனால் எப்போது தேர்தல் வரவில்லை? ஒரு தேர்தலுக்கு முன்னால் வேண்டாம் என்போம், பின்னால் தோல்வியில் சோர்ந்திருக்கிறோம், வேண்டாம் என்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் சிறிய அமைப்புக்குக் காலமே கிடைப்பதில்லை.

எதிரிகள் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறீர்கள் என்றார் இன்னொருவர். இதற்குப் பின்னால் இருப்பது வெறும் வீம்பு அல்ல. இந்த நாட்டில் இடதுசாரிகள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. மலேசிய சோசலிசக் கட்சி 1998இல் பதிவுக்கு மனுப் போட்டுவிட்டு 2008 வரை காத்திருந்தது. 2011 ஜூனில் அதன் ஆட்களைப் பேருந்தோடு பிடித்து, கம்யூனிசத்தை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்த்ததாகச் சொல்லி, அப்போது எம்.பி.யாக இருந்த ஜெயகுமார் உட்பட ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தில் வைத்தார்கள். ஜூலை கடைசியில்தான் விட்டார்கள். அப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவது இயல்பு.

இன்னும் பின்னால் போனால் இது கூடுதலாகப் புரிகிறது. தொழிலாளர் கட்சியும் பார்ட்டி ராக்யாட் என்ற மக்கள் கட்சியும் சேர்ந்த சோசலிச முன்னணி 1959இல் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளை வென்றது. 1964இல் இந்தோனேசியாவுடனான மோதலின் நடுவே நடந்த தேர்தலில் இரண்டுக்கு இறங்கியது. அந்த இருவரில் ஒருவர் டாக்டர் டான் சீ கூன். பிறகு முன்னணி உடைந்தது. தொழிலாளர் கட்சியின் தலைவர்கள் பலர் விசாரணையின்றி அடைத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள், வெளியே இருந்தவர்கள் தீவிரமானார்கள். டான் சீ கூன் விலகி 1968இல் கெராக்கான் கட்சியின் தோற்றுநர்களில் ஒருவரானார். தொழிலாளர் கட்சி 1969 மே தேர்தலைப் புறக்கணித்தது. 1972இல் அதன் பதிவு ரத்தாயிற்று. அது கைவிட்ட வாக்குகளை வேறு எதிர்க்கட்சிகள் அறுவடை செய்தன. புறக்கணிப்பு தவறு என்று நினைத்தவர்கள் உள்ளேயே இருந்து சொல்லிக் கேட்க வைக்கக்கூடிய நிலை அன்று அந்தக் கட்சியில் இருந்திருந்தால், இந்நாட்டு இடதுசாரி வரலாறு வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். போலீஸ் கதவைத் தட்டும் வீட்டில் மாற்றுக் கருத்து சொல்பவன் உளவாளி மாதிரித் தெரிகிறான். எனக்கு அது புரிகிறது. ஆனால் போலீசிடம் மௌனமாக இருக்கக் கற்றுக்கொண்ட வாய், நம்மை நம்பிய பால்வெட்டுப் பெண்ணிடமும் மௌனமாக இருந்துவிட்டது. இதை நான் ஏற்க மாட்டேன்.

மூன்றாவது பதில்தான் மிகவும் கடினமானது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. செயலாளர் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டுகளில் தினமும் சாயங்காலம் பழைய வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர் அவர். காப்புறுதி விற்கும் வேலையை அதனால் இழந்தவர். மறியலில் கைதாகி ஒரு ராத்திரி லாக்கப்பில் கிடந்தவர். தண்ணீர் நின்றபோது தொட்டியில் தண்ணீர் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய முகத்துக்கு எதிரே, நீங்கள் மறைத்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? பெரிய கட்சிகளில் தலைவருக்குப் பதவி இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. விமர்சித்தால் அவருக்கு இழக்க வேறு ஏதோ இருக்கிறது. சிறிய அமைப்பில் அவருக்கு இருப்பது அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறாயே என்று மற்றவர்கள் கண்கள் என்னைப் பார்த்தன. சிறிய கட்சிகள் விமர்சனத்தைத் தாங்க முடியாமல் போவதற்கு மூர்க்கத்தைவிட இந்த நன்றியுணர்ச்சிதான் அதிகக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியிலிருந்து எழுதுபவர்கள் இதைக் காண்பதில்லை.

நான்காவது பதில் எல்லாருக்கும் தெரிந்தது. பெரிய கட்சிகள் எதை ஒப்புக்கொண்டன? கட்சி தாவியவர்களை எல்லாம் பார்த்த ஊர் இது, நாம் மட்டும் ஏன்? அவர்களைப் போல இருக்கக்கூடாது என்றுதானே இந்த அமைப்புக்கு வந்தோம் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, விமர்சனங்கள் முன்வைக்கப்பட்டன, விளக்கம் அளிக்கப்பட்டது என்று எழுதிவிடம்மா என்றார். பழைய நோட்டுகள் முழுக்க அந்த மாதிரி வாக்கியங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், யார் என்ன விளக்கினார் என்று எதுவும் இல்லை. நான் அப்படி எழுதவில்லை. பேசியவர் பெயரோடு பேசியதை எழுதினேன்.

ஸ்காட்லாந்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குறிப்பு எழுதுகிறவளாக எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. ஸ்காட்டிஷ் சோசலிசக் கட்சி 2003இல் அங்குள்ள நாடாளுமன்றத்தில் ஆறு இடங்களைப் பிடித்தது. அவ்வளவு சிறிய கட்சிக்கு அது பெரிய உயரம். அதன் தலைவர் டாமி ஷெரிடன் மக்களிடம் செல்வாக்கு மிக்கவர். அவருடைய தனிவாழ்க்கை பற்றிப் பத்திரிகைகளில் செய்தி கிளம்பியபோது, 2004 நவம்பரில் செயற்குழு கூடிப் பேசியது. குறிப்பும் எழுதப்பட்டது. பிறகு அவர் அப்படிச் செய்தி போட்ட ஒரு பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டார். குறிப்பேட்டைக் கொடு என்று நீதிமன்றம் கேட்டது. கொடுக்க மறுத்த கட்சிக்காரர் ஒருவர் சிறைக்கே போனார். கடைசியில் சாட்சிக்கூண்டில் ஏறிய தோழர்கள் பலர், கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டினார் தலைவர். 2006இல் வழக்கில் அவர் ஜெயித்தார். கட்சி இரண்டாகப் பிளந்தது. 2007 தேர்தலில் இரண்டு பாதிக்கும் ஓர் இடம்கூட இல்லை. 2010 டிசம்பரில், நீதிமன்றத்தில் பொய் சொன்னதாக அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

இதைப் படித்தபோது நான் அதிகம் யோசித்தது அந்தத் தலைவரைப் பற்றி அல்ல. அந்தக் குறிப்பை எழுதிய பெண்ணைப் பற்றி யோசித்தேன். நடந்ததை எழுதியதற்காகப் பொய்க்காரி என்று பட்டம் வாங்கி, அத்தனை ஆண்டு அதைச் சுமந்திருக்கிறாள். ஆறு இடங்களை அழித்தது அவள் எழுதிய குறிப்பு அல்ல. தலைவர் பெயர் காக்கப்பட வேண்டும் என்று அதைப் பொய்யாக்கப் பார்த்ததுதான் அழித்தது.

எங்கள் கதை அவ்வளவு தூரம் போகவில்லை. சில மாதம் கழித்து, செயலாளர் அண்ணனே என்னைக் கூப்பிட்டார். வா, போகலாம், நானே சொல்கிறேன் என்றார். யாரும் அவரை நெருக்கவில்லை. தேர்தலுக்கு முன்தான் போனோம். அந்தக் குடும்பங்களில் பல இப்போது பக்கத்துத் தாமானில் வாடகைக்கு இருக்கின்றன. அங்கே உள்ள கோயில் மண்டபத்தில், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த பிறகு உட்காரச் சொன்னோம். அண்ணன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரிகளையும் வாசித்தார். எதையும் மழுப்பவில்லை. சூழ்நிலை அப்படி இருந்தது என்று ஆரம்பிக்கவும் இல்லை. இது எங்களுக்குத் தெரியும், உங்களிடம் சொல்லாமல் விட்டோம், சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன் என்றார்.

ஒரு பெரியவர் எழுந்து திட்டத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. தண்ணீர் தூக்கியது, விளக்கு இல்லாதது, மனைவி படுக்கையில் விழுந்தது என்று வரிசையாக வந்தது. அண்ணன் குறுக்கே பேசவில்லை. பிறகு ஓர் அக்கா பேசினார். அந்தத் தோட்டத்தில் எங்கள் கூட்டங்களுக்கு எப்போதும் தேநீர் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அவர் சொன்னதை அன்று இரவே எழுதி வைத்துக்கொண்டேன். வழக்கு தோற்கும் என்று தெரிந்திருந்தாலும் நான் உங்களோடுதான் நின்றிருப்பேன், தம்பி. ஆனால் வீடு வரப்போகிறது என்று நம்பி மகளின் நகையை அடகு வைத்திருக்க மாட்டேன். அந்த நகை இன்னும் திரும்பவில்லை.

அவர் இதைச் சொன்னது முதல் முறை அல்ல என்பதுதான் என்னைச் சுட்டது. கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில், எத்தனையோ முறை அவர் முனகியிருக்கிறார்: வக்கீல் உங்களிடம் என்ன சொன்னார் என்று ஒருநாளும் எங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே. அந்தக் கேள்வி எந்தக் குறிப்பிலும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர் கை தூக்கிச் சொன்னால் அது விமர்சனம். கொல்லைப்புறத்தில் ஒரு பால்வெட்டுப் பெண் சொன்னால் அது வருத்தம், சலிப்பு, குடும்பக் கஷ்டம். முற்போக்குக் கட்சிகள் விமர்சனத்துக்குக் காது கொடுக்கின்றனவா என்று கேட்பவர்கள், யாருடைய பேச்சை விமர்சனமாகக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். படித்தவர்கள் எழுதும் கட்டுரைக்குப் பதில் கட்டுரை எழுதத் தெரிந்த எத்தனையோ தோழர்களை எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்குப் பதில் சொல்ல ஒருவர் போவதற்கு இத்தனை ஆண்டு ஆயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திட்டிய பெரியவர் இன்றும் எங்கள் பக்கம் திரும்புவதில்லை. எங்கள் இளைஞர்களில் நன்றாக வேலை செய்த ஒருவன், இவ்வளவு ஆண்டு இதை மூடி வைத்தீர்களா என்று கேட்டுவிட்டு விலகிப்போனான்; அவன் கோபம் நியாயம்தான். அந்த அக்கா மட்டும் வருகிறார். இப்போது தேநீர் போட அல்ல, மேசையில் உட்காருகிறார்.

தவறை ஒப்புக்கொள்வது என்றால் செயற்குழுவில் சுயவிமர்சனம் செய்துகொண்டு, அதை அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்ப்பது என்று நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உள்ளுக்குள்ளே ஒருவரையொருவர் கடுமையாகப் பேசிக்கொள்வோம், கண் கலங்குவோம், பிறகு தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர் அந்த அறையில் இல்லை என்றால், அங்கே நடப்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். விலை கொடுத்தவர் முன்னால், அவர் இருக்கும் இடத்துக்குப் போய், அவரிடம் அடுத்த முறை வாக்கோ கையெழுத்தோ கேட்பதற்கு முன்னால் சொன்னால்தான் அது ஒப்புக்கொள்வது. சிறிய அமைப்பால் இதைச் செய்ய முடியும். எங்கள் வேனில் ஏறினால் பத்து நிமிடத்தில் அந்தத் தாமான். பெரிய கட்சிக்கு இருக்கும் தூரம் நமக்கு இல்லை.

இப்போது இன்னொரு தோட்டத்தில் அதே மாதிரி நோட்டீஸ் வந்திருக்கிறது. நாங்கள் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். வழக்குப் போடலாமா என்று கேட்டு வக்கீலிடமும் போயிருக்கிறார்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் எழுதித் தரும் கருத்து, நல்லதோ கெட்டதோ, அப்படியே தமிழில் எழுதப்பட்டு, எல்லாக் குடும்பங்களும் கூடியிருக்கும் இடத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். கம்பெனி தருவதாகச் சொல்வதையும் அதே கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்டவர் பெயரும் கேள்வியும் குறிப்பில் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். போராட்ட வேகம் குறைந்துவிடும் என்று இரண்டு பேர் இப்போதே எதிர்க்கிறார்கள். செயலாளர் அண்ணன் முன்மொழிகிறார். வழிமொழிவது அந்த அக்கா.